சண்டை, விளையாட்டு, வேறு

ஜூன் 3, செவ்வாய்

என் பெயர் ஒச்சப்பன். இதை நானே எழுதினேன்.

இந்த வரியை எழுத டீ வருவதற்கு முன்பே உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. ஆறின டீயை இவ்வளவு சந்தோஷமாக நான் குடித்ததில்லை. அறுபத்தெட்டு வயதுவரை கைநாட்டு வைத்தவன் நான். கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்றும் கட்டை விரலைத்தான் கேட்டார்கள்.

தினமும் எழுதச் சொன்னது சேவியர் வாத்தியார். அவரும் இந்த மத்தியச் சிறையில் என்னைப் போல ஆயுள் கைதிதான். உவரிப் பக்கத்துக்காரர், வெளியே தபால்காரராக இருந்தவர். எதற்காக உள்ளே வந்தார் என்று நான் கேட்டதில்லை. இங்கே அதைக் கேட்கும் வழக்கம் இல்லை. சாயங்காலம் லாக்கப்புக்கு முன் என் நோட்டை வாங்கிப் படித்து, தப்பைத் திருத்தித் தருவார்.

"ஓய், உம்ம எழுத்து எல்லாம் வரிசையில நிக்காம ஓடிப்போகப் பாக்குதே" என்றார் இன்று.

"ஜெயில் எழுத்து வாத்தியாரே, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

புது கேமரா எல்லா இடத்திலும் மாட்டிவிட்டார்கள். இது சும்மா பார்க்கிற கேமரா இல்லை. சண்டை நடந்தால் தானே கண்டுபிடித்து மணி அடிக்குமாம். கொண்டுவந்த பெண் பெயர் மேகலா. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும்.

"சண்டைன்னா இப்படித்தான் இருக்கும்னு யாரும் இதுக்கு விதி எழுதித் தரல தாத்தா. படம் படமா காட்டுவோம். பார்த்துப் பார்த்து அதுவே கத்துக்கும். ஆழ்கற்றல்னு பேரு."

"சின்னப்பிள்ளை மாதிரியா தாயி?"

"சின்னப்பிள்ளைக்கு நாலு நாயைக் காட்டினா போதும். இதுக்கு நாலாயிரம் காட்டணும்."

என்னைவிட மக்கு ஒன்று இந்த ஜெயிலுக்கு வந்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம்.

அதற்குக் காட்டுவதற்காக எங்களைச் சண்டை நடிக்கச் சொன்னார்கள். நன்றாக நடித்தவர்களுக்கு ஒரு கோழித்துண்டு அதிகம். மைதானமே கலகலப்பாகிவிட்டது. எல்லோரும் சினிமாவில் வருவதுபோல எகிறி எகிறி உதைத்தார்கள். வாயாலேயே சத்தம் கொடுத்தார்கள். ஒன்பது பேரைக் குத்தின துரைகூட கையை மேலே ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். சூப்பிரண்டு கைதட்டினார்.

துரை நிஜத்தில் கை ஓங்கி நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

கேமராவுக்குக் கொஞ்சம் படிப்பு வந்திருக்கிறது. இன்று நாலு தடவை மணி அடித்தது. கபடிக்கு ஒரு தடவை. இரண்டு பேர் கம்பளியை முறுக்கிப் பிழிந்ததற்கு ஒரு தடவை. ஈஸ்டர் பாட்டுக்கு ஒத்திகை பார்த்து ஆடியவர்களுக்கு இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் தலைமை வார்டர் இருளாண்டி லத்தியோடு ஓடிவந்தார். நாலாவது தடவை மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

"ஈஸ்டர் ஏப்ரல்லயே முடிஞ்சுபோச்சே, இப்ப எதுக்குடா ஒத்திகை?" என்று கேட்டார்.

"அடுத்த வருஷத்துக்கு சார்."

ஜூன் 12, வியாழன்

இன்று கோழிக்கறி. எழுத நேரம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

மதியம் சாப்பாட்டு வரிசையில் துரை சப்பாணி என்கிற கைதியைக் குத்திவிட்டான்.

எனக்கு நாலு ஆளுக்கு முன்னால் நடந்தது. துரை சப்பாணியின் தோளில் இடது கையைப் போட்டுக் காதில் ஏதோ சொன்னான். அண்ணன் தம்பி பேசிக்கொள்வது போல இருந்தது. வலது கை துண்டுக்குள்ளே இருந்தது. வயிற்றில் மூன்று தடவை. சத்தமே இல்லை. சப்பாணி சாப்பாட்டுத் தட்டைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். சாம்பாரில் ரத்தம் கலந்தது. நான் ஓரமாக ஒதுங்கி என் சோற்றை வாங்கிக்கொண்டேன்.

மணி அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சப்பாணியிடம் கேட்டதற்கு, வழுக்கி ஸ்பூன் மேல் விழுந்துவிட்டேன் என்றானாம். மூன்று தடவையும் வழுக்கினாயா என்று இருளாண்டி கேட்டிருக்கிறார். ஆமாம் என்றானாம். வேறு எதுவும் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த பிளாக்கில் இருக்கும் சப்பாணியின் தம்பியைத் தீர்த்துவிடுவார்கள். கேமராவில் முதுகுகள்தான் தெரிந்தன. துரைக்கு இரண்டு நாள் தனிக்கொட்டடி, அவ்வளவுதான்.

மேகலா அந்தப் படத்தைப் போட்டுக்காட்டி, "இதுல எந்த இடத்துல ஆரம்பிச்சுது? யாராவது சொல்லுங்களேன்" என்று எல்லோரிடமும் கேட்டாள். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எழுத்து வேலை!

பழைய கேமராப் படங்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் பார்த்து, கீழே இருக்கும் மூன்று சொற்களில் ஒன்றை அழுத்த வேண்டும். சண்டை. விளையாட்டு. வேறு. நாங்கள் அழுத்துவதை வைத்துத்தான் மெஷின் படிக்கும். எழுத்துத் தெரிந்தவர்கள் மட்டும் என்றார்கள். நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். மேகலா என்னிடம் மூன்று சொல்லையும் வாசிக்கச் சொன்னாள். சத்தமாக வாசித்தேன். பின்னால் இருந்து வாத்தியார் இருமினார். அவர் சந்தோஷத்தில் அப்படித்தான் இருமுவார்.

"நீங்க நிதானமா பார்க்கறீங்க தாத்தா. அதனால மெஷினுக்கே சந்தேகம் வர்ற படங்களை மட்டும் உங்களுக்கு அனுப்பறேன். மத்த படம் ஆயிரம் குறிக்கறதும், சந்தேகப் படம் ஒண்ணு சரியா குறிக்கறதும் சமம்."

என்னிடம் சந்தேகம் கேட்க இந்த உலகத்தில் ஒருவன் வந்துவிட்டான்.

ஜூன் 27, வெள்ளி

பாலகுரு வந்திருக்கிறான். வேறு சிறையிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தார்கள். எதிர் பிளாக்.

என் மகள் காளீஸ்வரியின் புருஷன். பதினாலு வருஷத்துக்கு முன் காளீஸ்வரி அவன் வீட்டு அடுப்படியில் எரிந்து கிடந்தாள். நான் அரிவாளோடு போனேன். கதவைத் திறந்தது அவன் அண்ணன். அன்றைக்குக் கதவைத் திறந்தவன் செத்தான். பாலகுரு கொல்லைச் சுவர் ஏறி ஓடிவிட்டான். பிறகு இன்னொரு கல்யாணம் செய்திருக்கிறான். அவளும் செத்துப்போனாளாம். அதற்குத்தான் ஆயுள் தண்டனை வாங்கி வந்திருக்கிறான்.

வாத்தியார் படித்துவிட்டு, "என்னவே செய்யப்போறீர்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல வாத்தியாரே. அறிவுரைக் கழகம் ஆகஸ்டு முதல் வாரம் கூடுது. என் விடுதலை ஃபைல் மேசையில இருக்கு. நான் ஏன் ஏதாவது செய்யப்போறேன்?"

அவர் ஒரு எழுத்தையும் திருத்தாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜூலை 1, செவ்வாய்

சந்தேகப் படங்கள் நிறைய வந்தன. ஒருவன் இன்னொருவன் தோளில் கைபோட்டு நடக்கிறான். மற்ற கை தெரியவில்லை. விளையாட்டு. ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறான், துண்டு மூடிய கை. விளையாட்டு. விளையாட்டு என்ற சொல்லை எனக்குப் பிடிக்கும். 'ளை' எழுதும்போது கொக்கி போட்டு இழுப்பது போல இருக்கும்.

வாத்தியார் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஓய், அந்தப் படத்துல மத்த கை எங்க இருக்குன்னு பாத்தீரா?"

"கண்ணு சரியாத் தெரியல வாத்தியாரே."

"இம்புட்டு நேரம் தெரிஞ்சுது."

ஜூலை 7, திங்கள்

மனு வந்தது. வீட்டார் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதை இங்கே மனு என்போம். என் பேத்தி சுகப்பிரியா. காளீஸ்வரியின் மகள். நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு முன்னால் என் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கம்பியில் வைத்துக் காட்டினேன். சிரித்தாள், அழுதாள்.

பிறகு, "அவர் இங்கதான் இருக்காராமே" என்றாள்.

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காத தாத்தா."

நான் மேலே ஓடிய பல்லியைப் பார்த்தேன்.

"அவர் செத்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் ஒண்ணும் இல்ல. நீ வெளிய வரணும். எனக்குன்னு வேற யாரு இருக்கா? வாக்குக் குடு."

நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் விசில் ஊதினார். நல்ல நேரத்தில் ஊதினார்.

ஜூலை 11, வெள்ளி

பாலகுருவை எங்கள் பிளாக்குக்கே மாற்றிவிட்டார்கள். நூலகத்து வாசலில் எதிரே வந்தான். வயிறு தள்ளியிருக்கிறது. காதோரம் நரை.

"மாமா" என்றான்.

"நல்லா இருக்கீங்களா மாப்ளே?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, சத்தியமா அது ஸ்டவ் வெடிச்சது. கோர்ட்டே விட்ருச்சு."

"ரெண்டாவதா கட்டின பிள்ளைக்கும் ஸ்டவ்வா?"

"இல்ல மாமா. அவ கிணத்துல..."

"பாத்துப் போங்க மாப்ளே. தரை வழுக்கும். இங்க நிறைய பேரு ஸ்பூன் மேல விழுந்துடுறாங்க."

ஜூலை 12, சனி

ஒரு எவர்சில்வர் ஸ்பூன் கிடைத்தது. காம்பைக் கழிப்பறைச் சிமெண்டில் தேய்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகிறது.

இந்த வரியை வாத்தியார் படிக்கும் முன் கிழிக்கலாம் என்று நினைத்தேன். கஷ்டப்பட்டு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. படித்தார். "ஸ்பூன்ல 'ஸ்' இருக்கு, சரியாத்தான் எழுதியிருக்கீர்" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 15, செவ்வாய்

எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். காசநோய் இருக்கிறதா என்று அதையும் ஒரு மெஷின்தான் பார்த்துச் சொல்கிறது. மேகலாவின் மெஷினுக்குப் பங்காளியாம். அதுவும் ஆயிரம் ஆயிரம் நுரையீரல் பார்த்துப் படித்தது. என் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது.

நம்மிடம் இருப்பது இன்னும் எந்த மெஷினுக்கும் தெரியவில்லை.

துரையும் பாலகுருவும் குழாயடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் துரை பீடியை அணைத்துவிட்டுப் போனான். பாலகுரு பயந்தால் காசைக் கொடுத்து ஆள் பிடிப்பான். எனக்குத் தெரியும். நான் முந்திக்கொள்ள வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

சாப்பாட்டு வரிசை. எனக்குப் பின்னால் வாத்தியார். என் தோளில் ஒரு கை விழுந்தது.

"என்ன பெருசு, விடுதலையாமே" என்று துரை காதில் சொன்னான். வெற்றிலை வாசனை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் கால் நகரவில்லை. எத்தனை தடவை திரையில் பார்த்தேன். என் தோளில் விழும்போது கால் நகரவில்லை.

வாத்தியார் துரையின் மற்ற கையைப் பார்த்திருக்கிறார். "ஓய் விலகும்" என்று கத்திக்கொண்டு குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தார். எழுபது வயது மனுஷர். துரை உதறிவிட்டுக் கழுத்தில் ஒன்று, விலாவில் இரண்டு. கழுத்திலிருந்து ரத்தம் என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. உப்பாக இருந்தது. பிறகு எல்லோரும் துரை மேல் பாய்ந்தார்கள், தட்டுகளால் அவன் வாயை உடைத்தார்கள், பல் தரையில் சிதறியது. அப்போதுதான் இருளாண்டிக்குச் சத்தம் கேட்டது.

வாத்தியாரை மடியில் வைத்திருந்தேன். கழுத்தை என் உள்ளங்கையால் அடைத்தேன். விரல்களுக்கு நடுவே வந்துகொண்டே இருந்தது.

"மணி அடிக்கலையேவே" என்றார்.

ஜூலை 19, சனி

இன்று முதல் இந்த நோட்டைத் திருத்த ஆள் இல்லை.

ஜூலை 24, வியாழன்

நாலு நாளாக எழுதவில்லை. இன்று வேலைக்குப் போனேன். துரை தனிக்கொட்டடியில் இருக்கிறான், யார் ஏவினார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. திறக்கப் பல்லும் இல்லை. பாலகுரு மைதானத்தில் வெயில் காய்கிறான்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் சந்தேகப் படமாக அதுதான் வந்தது. நான், வாத்தியார், துரை. மெஷினுக்கு அது என்ன என்று தெரியவில்லையாம். என்னிடம் கேட்கிறது. அதற்கு எப்படித் தெரியும்? இதே மாதிரிப் படத்துக்கெல்லாம் விளையாட்டு, விளையாட்டு என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். பாலகுருவைக் குத்த ஒரு வழி வேண்டும் என்று நான் திறந்து வைத்த சந்தில் வாத்தியார் போய்விட்டார்.

சண்டை என்று அழுத்தினேன்.

பிறகு மேகலாவிடம் போனேன். "தாயி, நான் குறிச்ச பழசெல்லாம் மறுபடி போடு. கண்ணு சரியில்லாம தப்பாக் குறிச்சுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். போட்டுக் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் பார்த்தேன். தோளில் விழும் கை, சண்டை. துண்டுக்குள் கை, சண்டை. ஒரு படத்தையும் விடவில்லை.

"ரொம்ப நன்றி தாத்தா. இதை வெச்சு மறுபடி படிக்கவெச்சு, திங்கட்கிழமை புதுசை ஏத்திடுவேன்" என்றாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை இருக்கிறது. சனிக்கிழமை காலை பாலகுரு குளிப்பான்.

ஜூலை 28, திங்கள்

சிறை ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். இடது தோள் எலும்பு போய்விட்டது. வலது கை நன்றாக இருக்கிறது. எழுதுகிற கை.

சனிக்கிழமை காலை தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். பாலகுரு முகம் முழுக்கச் சோப்பு போட்டுக் கண்ணை மூடிக் குந்தியிருந்தான். வலது கையில் ஸ்பூன், மேலே துண்டு. எங்கே குத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். கழுத்தில் நரம்பு துடிப்பதுகூடத் தெரிந்தது. அவன் தோளில் வைக்க இடது கையை நீட்டினேன். இன்னும் தொடவில்லை. ஒரு எட்டு இருக்கிறது.

மணி அடித்தது.

என்ன மணி! ஜெயிலே அதிர்ந்தது. நான் நின்றுவிட்டேன். குத்தப்போனதையே மறந்து அண்ணாந்து கேமராவைப் பார்த்தேன். மேகலா யாருக்கும் சொல்லாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலமே புதுசை ஏற்றிவிட்டாள். அது படித்துவிட்டது! கபடிக்கும் கம்பளிக்கும் அடித்த மக்கு, துண்டுக்குள் இருக்கும் கையைக் கண்டுபிடித்துவிட்டது!

இருளாண்டியும் மூன்று வார்டர்களும் வந்து விழுந்தார்கள். முதல் லத்தி தோளில். எலும்பு முறியும் சத்தத்தை நானே கேட்டேன். இரண்டாவது வாயில். பாலகுரு சோப்புக் கண்ணோடு தவழ்ந்து ஓடினான். "வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா" என்று தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றுக்குப் போய்விட்டான். நான் தரையில் கிடந்து சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அடித்தார்கள்.

"எதுக்குடா சிரிக்கற கிழவா?"

"பாஸாயிருச்சு சார்" என்றேன். வாயில் ரத்தம். இருளாண்டிக்குப் புரிந்திருக்காது.

ஜூலை 30, புதன்

மேகலா கணினியோடு என் கட்டிலுக்கு வந்தாள். இருளாண்டி கூட வந்தார்.

"தாத்தா, சூப்பிரண்டு சார் ரிப்போர்ட் கேக்கறார். புது மெஷின் வேலை செய்யுதான்னு பார்க்க நீங்களேதான் நடிச்சுக் காட்டினீங்க. அப்படித்தானே?"

"நடிக்கிறவன் எதுக்கும்மா ஸ்பூனை இப்படித் தேய்ச்சு வெச்சிருந்தான்? விரலை வெச்சுப் பாருங்க, வெட்டும்" என்றார் இருளாண்டி.

"நான் தாத்தாகிட்டக் கேட்டேன் சார்."

கணினியை என் மடியில் வைத்தாள். தொட்டிப் படம் ஓடியது. கீழே மூன்று சொற்கள்.

"இதுக்கு நீங்க என்ன குறிக்கறீங்களோ அதையேதான் நான் ரிப்போர்ட்ல எழுதுவேன். விளையாட்டுன்னு குறிச்சா, வெள்ளிக்கிழமை அறிவுரைக் கழகத்து முன்னாடி உக்காருவீங்க. சுகப்பிரியா எனக்கு போன் பண்ணாங்க தாத்தா. நாலு தடவை பண்ணிட்டாங்க."

நான் என்னையே பார்த்தேன். நான் நடப்பதை இதற்குமுன் நான் பார்த்ததில்லை. இவ்வளவு கூனா எனக்கு? படத்தில் இருப்பவன் சிரித்துக்கொண்டே போகிறான். இடது கை நீளுகிறது. வலது கை துண்டுக்குள்.

"விளையாட்டுன்னு குறிச்சா இந்தப் படமும் மெஷினுக்குப் போகுமா தாயி?"

"போகும். நிறுத்த முடியாது. ஆனா ஒரே ஒரு படம்தானே தாத்தா."

"சந்தேகப் படம் ஒண்ணு ஆயிரத்துக்குச் சமம்னு நீதானே சொன்ன?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

சுகப்பிரியாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். நீளமாக எழுத வேண்டும். எனக்கு எழுத்துக்கு எழுத்து நேரமாகும். அவள் கோபப்படுவாள். மனுவுக்கு வரமாட்டாள், ரொம்ப நாள் வரமாட்டாள். பாலகுரு இன்று மத்தியானம் வெயிலில் உட்கார்ந்து சோறு தின்பான்.

வாசித்தேன். மூன்று சொல்லையும் வாய்விட்டு வாசித்தேன். பிறகு சண்டை என்று அழுத்தினேன்.

இருளாண்டி தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்துக்கொண்டார். மேகலா கணினியை எடுக்க வந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னும் இருக்குல்ல? அடுத்ததைப் போடு தாயி."

போட்டாள். இரண்டு கைதிகள் முகத்தோடு முகம் ஒட்டி நிற்கிறார்கள். ஒருவன் இன்னொருவன் தாடையை இறுக்கிப் பிடித்திருக்கிறான். அவன் திமிறுகிறான். மெஷினுக்குச் சந்தேகம். எனக்கும் கொஞ்ச நேரம் சந்தேகமாகத்தான் இருந்தது. இரண்டு கைகளையும் தேடிப் பார்த்தேன். ஒன்று தாடையில். மற்றது இமையை விலக்கிப் பிடித்திருந்தது. உதட்டைக் குவித்து அவன் கண்ணில் விழுந்த தூசியை ஊதுகிறான்.

வேறு.